வினிகரில் ஊறும் முட்டை: குமிழ் வராதது முதல் வெடித்துப் போவது வரை

முட்டையை வினிகரில் போட்டு வைத்தால் ஓடு கரைந்து, ரப்பர் போன்ற முட்டை கிடைக்கும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். போட்டுப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். குமிழே வராது. வந்தாலும் பாதியில் நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் ஓடு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் நன்றாக முடிந்து, கையில் எடுக்கும் நேரத்தில் பொத்துக்கொண்டு மேசையெங்கும் மஞ்சள்கரு ஓடும். இவற்றில் எதுவும் புதிரில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, பெரும்பாலானவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

கோளாறைத் தேடுவதற்கு முன்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாடிக்குள் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஓட்டில், அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. ஓட்டுக்கு அடியிலிருக்கும் சவ்வில், தண்ணீர் உள்ளே புகுகிறது. முதலாவதைக் குமிழ் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதை முட்டையின் பருமன் காட்டிக்கொடுக்கும். முட்டை வீங்கி வெடிக்கிறது என்றால் வினிகரை மாற்றிப் பயனில்லை. ஓடு கரையவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் சும்மா விட்டுவைத்தும் பயனில்லை. எந்த வேலையில் தடங்கல் என்று தெரிந்தால் பாதித் தீர்வு கையில் வந்த மாதிரி.

## முறையாக நடந்தால் எப்படி இருக்கும்

கோழிமுட்டை ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட்; சுண்ணாம்பு என்று இங்கே சொல்வது இதைத்தான். சாதாரண வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம், மீதி பெரும்பாலும் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் அசிட்டேட்டும் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. அசிட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரையும். வாயு குமிழாக வெளியேறும். அதனால்தான் ஓடு இருந்த சுவடே தெரியாமல் போகிறது. ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் இரட்டைச் சவ்வு புரத இழைகளால் பின்னப்பட்டது. வினிகர் அதைக் கரைப்பதில்லை.

போட்ட சில நிமிடங்களுக்குள் ஓடு முழுவதும் வெள்ளிப் பொட்டுகள் போலக் குமிழ்கள் ஒட்டியிருக்க வேண்டும். சில மணி நேரத்தில் மேலே நுரை கட்டும். ஒரு நாளில் ஓட்டின் பெரும்பகுதி போய், தொட்டால் மெத்தென்று இருக்கும். வினிகரை மாற்றி இன்னொரு நாள் விட்டால், விளக்கொளியில் பிடித்துப் பார்க்கும்போது உள்ளே மஞ்சள்கரு நிழலாக அசைவது தெரியும். இந்தக் கால அளவு முட்டைக்கு முட்டை மாறும். வயதான கோழி இடும் முட்டையில் ஓடு பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். அது சீக்கிரம் முடிந்துவிடும்.

எவ்வளவு வினிகர் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 120 கிராம் அசிட்டிக் அமிலம் தேவை. 60 கிராம் முட்டையில் ஓட்டின் எடை 5 முதல் 6 கிராம். ஆக, 6 கிராமுக்குச் சற்று மேலான அமிலம். 5 சதவீத வினிகரில் இது 125 மில்லிலிட்டரில் இருக்கும். 4 சதவீத வினிகர் என்றால் 155 மில்லிலிட்டர் அளவுக்குப் போகும். ஆனால் இது காகிதக் கணக்கு. கடைசிச் சொட்டு அமிலம்வரை வேலை வாங்க முடியாது என்பதால், ஒரு முட்டைக்கு 200 மில்லிலிட்டர் வீதம் இரண்டு தவணை என்று வைத்துக்கொள்வதே நடைமுறை. குவளையில் முட்டை மூழ்கும் அளவு ஊற்றினால் போதும் என்ற நினைப்பில்தான் பாதிக் கோளாறுகள் தொடங்குகின்றன. குறுகலான குவளையில் முட்டை மூழ்க 100 மில்லிலிட்டர்கூடத் தேவைப்படாது.

## குமிழே வரவில்லை

தவறு வினிகரிலா, முட்டையிலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேறொரு முட்டையின் ஓட்டை நொறுக்கி, ஒரு தேக்கரண்டி வினிகரில் போடுங்கள். பொடி உடனே பொங்கினால் வினிகர் நன்றாக இருக்கிறது. பொடியிலும் அசைவில்லை என்றால் வினிகரில் அமிலம் போதவில்லை. தண்ணீர் கலந்திருக்கலாம், அல்லது ஏற்கெனவே ஒரு முட்டைக்குப் பயன்படுத்தியதாக இருக்கலாம். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலை செய்யத் திராணியற்ற வினிகரும் மூக்கைத் துளைக்கும்.

பொடி பொங்குகிறது, முழு முட்டையில் மட்டும் ஒன்றும் இல்லை என்றால் தடை ஓட்டின் மேற்பரப்பில் இருக்கிறது. ஓட்டின் வெளிப்புறத்தில் இயற்கையாகவே ஒரு மெல்லிய புரதப் பூச்சு உண்டு. நுண்துளைகள் வழியே கிருமிகள் புகாமல் காப்பது அதன் வேலை. விற்பனைக்கு வரும் முட்டைகளில் சிலவற்றின்மேல் ஈரம் வெளியேறாமலிருக்க எண்ணெயும் பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்துக் கழுவிப் போட்டால் தடை நீங்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையையும் வினிகரையும் அப்படியே பயன்படுத்தினாலும் வினை மந்தமாகவே தொடங்கும். இரண்டும் அறை வெப்பநிலைக்கு வரட்டும்.

பொடி ஏன் அவ்வளவு வேகமாகப் பொங்குகிறது? வினை நடப்பது பரப்பில் மட்டும்தான். நொறுக்கினால் பரப்பு பெருகுகிறது. எகிப்து அரசி கிளியோபாட்ரா தன் காதணியிலிருந்த முத்தை வினிகரில் போட்டுக் கரைத்து விருந்திலேயே குடித்துவிட்டாள் என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். முத்தும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான், கரையவும் செய்யும். ஆனால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள ஓட்டுக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. விருந்து முடிவதற்குள் முழு முத்து கரைந்தது என்றால், ஒன்று அதை முன்பே பொடித்திருக்க வேண்டும், அல்லது அரசி அதை விழுங்கியிருக்க வேண்டும்.

## நன்றாகத் தொடங்கியது, பாதியில் நின்றுவிட்டது

எல்லாக் கோளாறுகளிலும் அதிகம் நேர்வது இதுதான். வேதியியல் சுவையாக இருப்பதும் இங்கேதான்.

அமிலத்தன்மையை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூர்மையாகும், ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு மாற்றம். புதிய வினிகரின் பிஎச் சுமார் 2.5. ஓடு கரையக் கரைய அமிலம் செலவாகிறது, அசிட்டேட் சேர்கிறது. சேர்ந்த அசிட்டேட் சும்மா இருப்பதில்லை; கரைசலில் திரிந்து ஓட்டைத் தாக்கும் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமிலத்தில் பாதி செலவாகும்போது பிஎச் 4.8-ஐ நெருங்கிவிடும். எண்ணில் பார்க்க இது சிறிய மாற்றம். உண்மையில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு நூறு மடங்குக்கு மேல் சரிந்துவிட்டது. பலவீனமான அமிலமும் அதன் உப்பும் கலந்த இப்படிப்பட்ட கரைசலைத் தாங்கல் கரைசல் என்பார்கள். மீதிப் பாதி அமிலம் இன்னும் உள்ளே இருக்கிறது, வாசனையும் அடிக்கிறது, ஆனால் வேலை நகராது.

எனவே பழைய வினிகரோடு புதியதைக் கொஞ்சம் சேர்த்து ஊற்றுவது அரைகுறை வைத்தியம். பழையதிலிருக்கும் அசிட்டேட் புதியதன் கூர்மையையும் மழுங்கடித்துவிடும். முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே வினிகரில் விட்டு வைத்துக் காத்திருப்பதைவிட, ஒரு நாள் கழித்து ஒருமுறை மாற்றுவது பல மடங்கு பலன் தரும்.

மாற்றுவதற்கு முன்பு ஒரு சிறிய சோதனை. ஜாடியை மெல்லச் சுழற்றுங்கள். குமிழ்கள் மறுபடி கிளம்பினால், வினிகர் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. முட்டையைச் சுற்றியிருந்த படலம் மட்டுமே தீர்ந்திருக்கிறது. கால்சியம் அசிட்டேட் சேர்ந்த கரைசல் சற்றுக் கனமானது. அது முட்டையின் அடிப்பக்கத்தில் தேங்கி, புதிய அமிலம் நெருங்கவிடாமல் மறித்துக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஜாடியைச் சுழற்றிவிட்டாலே இது தீரும்.

வேகப்படுத்துவதற்காக அடுப்பில் வைக்க வேண்டாம். 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் வெள்ளைக்கரு இறுகத் தொடங்கும். வினிகர் ஆவியும் கண்ணை எரிக்கும். அதைவிட மோசமான யோசனை, அடர் அசிட்டிக் அமிலத்தையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ எடுப்பது. அடர் அசிட்டிக் அமிலம் தோலைப் பொசுக்கும். கழிப்பறை அமிலம் ஓட்டைக் கரைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது தெறித்தால் கண் போகும், பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்து கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும். சமையல் வினிகரின் நிதானம் ஒரு குறையல்ல.

## முட்டை மிதக்கிறது, ஒரு பக்கம் மட்டும் ஓடு அப்படியே இருக்கிறது

புதிய முட்டை வினிகரைவிடக் கனமானது, மூழ்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும் குமிழ்கள் அதைத் தூக்கிவிடும். மேலே வந்ததும் சில குமிழ்கள் உடையும், முட்டை சற்றே புரளும் அல்லது இறங்கும், மறுபடி ஏறும். முதல் சில மணி நேரம் இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய முட்டையாக இருந்தால் அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகியிருக்கும். அது அந்த முனையை மேலே நீட்டியபடி நிலையாக மிதக்கும். வினிகருக்கு வெளியே நிற்கும் பகுதி கரையாது.

முட்டையின்மேல் ஒரு சிறிய கண்ணாடித் தட்டை வைத்து அமிழ்த்துங்கள், அல்லது சில மணி நேரத்துக்கு ஒருமுறை கரண்டியால் புரட்டிவிடுங்கள். அடியில் ஜாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்திலும் இதே சிக்கல் வரும். ஒரு நாணய அளவில் வட்டமாக ஓடு எஞ்சி நிற்கும். புரட்டுவது அதற்கும் மருந்து.

அமிழ்த்துவதற்காக ஜாடியை இறுக்கி மூடிவிடாதீர்கள். ஒரு முட்டையின் ஓடு முழுவதும் கரையும்போது ஒரு லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். முதல் சில மணி நேரத்திலேயே அதில் கணிசமான பகுதி வந்துவிடும். திருகுமூடி போட்ட கண்ணாடி ஜாடியில் இவ்வளவு வாயு சேர்ந்தால் மூடி பறக்கும், இல்லையேல் ஜாடி விரியும். வாடை தாங்கவில்லை என்றால் தட்டால் தளர்வாக மூடினால் போதும். பாத்திரம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். அலுமினியத்தை வினிகர் அரிக்கும்.

## மேலே பழுப்பு அழுக்கும் நுரையும்

பயப்பட ஒன்றுமில்லை, முட்டை கெட்டுப்போகவும் இல்லை. பழுப்பு முட்டையின் நிறம் புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமியால் வருவது. கோழி அதை ஓட்டின் வெளிப்பகுதியில் கடைசி நேரத்தில்தான் பூசுகிறது. வெளி அடுக்கு கரைந்ததும் நிறமியும் புரதப் பூச்சும் பிய்ந்து, பழுப்புச் சேறுபோல மிதக்கும். நுரை எளிதில் அடங்காததற்கும் அந்தப் புரதம்தான் காரணம். ஓடும் நீரில் கட்டைவிரலால் வருடினால் நிறம் வழித்துக்கொண்டு வந்துவிடும். உள்ளே தெரிவது வெள்ளை ஓடுதான். இந்தப் படலத்தை எடுத்துவிட்டால் கரைதலும் வேகம் பிடிக்கும்.

ஜாடியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்பது உலர்ந்த கால்சியம் அசிட்டேட். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

## ஓடு போய்விட்டது, ஆனால் தடவினால் சொரசொரக்கிறது

முட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சவ்வின்மேல் மிக நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள், மாவு தூவியது போல அடர்த்தியாகத் தெரியும். அவை சும்மா ஒட்டியிருக்கும் தூசு அல்ல. கோழியின் உடலுக்குள் ஓடு கட்டத் தொடங்குவதே இந்தப் புள்ளிகளில்தான். வெளிச் சவ்வில் அங்கங்கே சிறு முண்டுகள் உருவாகி, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புப் படிகம் வேர்விட்டு, பக்கவாட்டில் வளர்ந்து ஒன்றோடொன்று முட்டி, பிறகு மேல்நோக்கி எழும்புகிறது. இப்படி ஓடு கட்டி முடிக்கக் கோழிக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். முதலில் கட்டியதே கடைசியில் கரைகிறது. அந்த முண்டுகள் சவ்வின் இழைகளுக்குள் புதைந்திருப்பதால் பிடிப்பும் அதிகம்.

நகத்தாலோ கரண்டியாலோ பல்துலக்கும் தூரிகையாலோ சுரண்டினால் புள்ளியோடு சவ்வும் கிழியும். பொறுமையில்லாதவர்கள் முட்டையை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். புதிய வினிகரில் இன்னும் அரை நாள் போடுங்கள். புள்ளிகளிலிருந்து ஊசிமுனைக் குமிழ்கள் கிளம்புகின்றனவா என்று பாருங்கள். கிளம்பினால் சுண்ணாம்பு மீதமிருக்கிறது, வேலை நடக்கிறது. அறவே இல்லை என்றால் எஞ்சியிருப்பது ஓட்டுக்குள் கால்சியத்தோடு பின்னிக் கிடந்த புரதம். அது கரையாது, நீரில் விரல்நுனியால் மெல்லத் தேய்த்தால் உதிரும்.

## வினிகரில் வெள்ளை நூல்கள் மிதக்கின்றன

ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்து, அதன் கீழே சவ்வும் கிழிந்திருக்கிறது. கசிந்த வெள்ளைக்கருவின் புரதங்கள் அமிலம் பட்டதும் திரிந்து நூலாகவும் மேகமாகவும் தொங்கும். கீறல் மிகச் சிறியதாக இருந்தால் திரிந்த புரதமே ஓட்டையை அடைத்துவிடுவதுண்டு. ஆனால் வீக்கம் கூடும்போது அந்த அடைப்பு தாங்காது. வேறு முட்டையை எடுங்கள். போடுவதற்கு முன்பு இருட்டறையில் முட்டையின் பின்னால் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால் விரிசல் ஒளிக்கோடாகத் தெரியும்.

## வீங்கிப் பருத்தது, வெடித்தும்விட்டது

இங்கே ஓட்டின் கதை முடிந்து சவ்வின் கதை தொடங்குகிறது. சவ்வின் வழியே தண்ணீர் தாராளமாகப் போய்வரும். வெள்ளைக்கருவின் பெரிய புரத மூலக்கூறுகள் வெளியே வர முடியாது. வெள்ளைக்கருவில் சுமார் 88 சதவீதம் தண்ணீர். வெளியே இருக்கும் வினிகரில் 95 சதவீதம். தண்ணீர் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்ந்து, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதுவே சவ்வூடு பரவல். ஓடு இருந்தவரை முட்டை பருக்க இடமில்லாமல் அது தடுத்து வைத்திருந்தது. ஓடு போனபின் சவ்வு தனியாக அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

எடை போட்டுப் பார்ப்பவர்கள் குழம்புவதும் இதனால்தான். ஓடு போனால் 5 கிராமாவது குறைய வேண்டும். தராசோ முன்பைவிடக் கூடுதலாகக் காட்டும். தராசில் தவறில்லை. போன சுண்ணாம்பைவிட உள்ளே புகுந்த தண்ணீர் அதிகம்.

வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான்ட் ஹாஃபுக்குக் கிடைத்தது. கரைசல்களில் வேதி வினைகள் நடக்கும் வேகம் குறித்தும், சவ்வூடு அழுத்தம் குறித்தும் அவர் கண்டறிந்த விதிகளுக்காக அந்தப் பரிசு. நம் ஜாடிக்குள் நடக்கும் இரண்டு வேலைகளும் அவர் ஒருவரின் கணக்கிலேயே அடங்கிவிடுகின்றன.

வெடிப்பதைத் தவிர்க்க வேண்டுமானால், சுண்ணாம்பு தீர்ந்ததும் முட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். பொதுவாக இரண்டு நாள் போதும். எடுத்ததும் வெறும் தண்ணீரில் ஊறப்போடுவது வீக்கத்துக்கு இன்னும் தீனி போடுவதே. தண்ணீரில் கரைபொருள் ஏதும் இல்லாததால் வினிகரைவிட வேகமாக உள்ளே புகும். குழாயடியில் காட்டி அலசினால் தவறில்லை. அளவுக்கு மீறிப் பருத்துவிட்ட முட்டையைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் சிறிது நேரம் வைத்தால் தண்ணீரை விட்டுக்கொடுத்து இறங்கி வரும். தூக்கும்போது இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்காமல் உள்ளங்கையைக் குழித்து ஏந்துங்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

## பாகில் போட்டேன், சுருங்கவில்லை

பாகு நீர்த்திருக்கும். பாகில் சர்க்கரையைவிடத் தண்ணீர் மிகுந்திருந்தால் இழுவிசை போதாது. கெட்டிப் பாகில் ஒரு நாள் விட்டால் முட்டை தொய்ந்து, பழைய பைபோலச் சுருங்க வேண்டும். முட்டையைச் சுற்றி நீர்த்த வளையம் ஒன்று பாகின்மேல் தெளிவாகத் தெரிந்தால், அது முட்டையிலிருந்து வந்த தண்ணீர். கலக்கிவிட்டால் வேலை தொடரும்.

பாகுக்குப் பதில் உப்பு நீரை எடுத்தவர்களுக்கு முடிவு மங்கலாகவே கிடைக்கும். உப்பின் அயனிகள் சிறியவை. சவ்வின் வழியே அவையும் மெல்ல உள்ளே போய்விடும். முழு முட்டையை ஓட்டோடு உப்பு நீரில் ஊறவைத்துப் பதப்படுத்த முடிவதே இதற்குச் சான்று. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற சோதனை வேண்டுமென்றால் பாகுதான் சரி.

## ஒளி ஊடுருவவில்லை, உள்ளே வெள்ளையாக இருக்கிறது

அவித்த முட்டையாக இருந்தால் இப்படித்தான் இருக்கும். பச்சை முட்டை என்றால் வினிகரில் அதிக நாள் விட்டிருக்கிறீர்கள். அசிட்டிக் அமிலமும் சிறிய மூலக்கூறுதான். ஓடு தீர்ந்த பிறகு சவ்வைத் தாண்டி உள்ளே போகும். வெள்ளைக்கருவின் புரதச் சுருள்கள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கி, வெண்மையாக இறுகும். நெருப்பு செய்வதை அமிலம் நிதானமாகச் செய்கிறது. இதை மீட்க வழியில்லை. கண்ணாடி போன்ற முட்டை வேண்டுபவர்கள் இரண்டாம் நாள் முடிவில் நிறுத்த வேண்டும்; கெட்டியான முட்டை வேண்டுபவர்களுக்கு இந்தக் கோளாறே அனுகூலம்.

## பந்துபோல் துள்ளவில்லை

பச்சை முட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் மட்டுமே துள்ளும். அதற்கு மேல் போனால் உடையும். காணொளிகளில் உயரத்திலிருந்து துள்ளுபவை பெரும்பாலும் அவித்து ஊறவைத்தவையாகத்தான் இருக்கும். ஒரு தட்டுக்குள் வைத்து முயலுங்கள்.

## வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு: ஓட்டின்மேல் வெள்ளைப் படிவு

சிட்ரிக் அமிலம் அசிட்டிக் அமிலத்தைவிட வலிமையானது. அதனால் தொடக்கத்தில் குமிழ் வேகமாகவே வரும். பிறகு தடுமாறும். கால்சியம் அசிட்டேட் கரைந்துபோகக்கூடியது. கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அது உண்டான இடத்திலேயே வெள்ளையாகப் படிந்து, ஓட்டுக்கே கவசமாகிவிடும். படிவைக் கழுவித் துடைத்துத் திரும்பத் திரும்ப முயலலாம், ஆனால் எதற்கு? ஓட்டைக் கரைக்கும் வேலைக்கு அமிலத்தின் வலிமை மட்டும் போதாது; உண்டாகும் உப்பு இடத்தைக் காலி செய்ய வேண்டும். வினிகர் இந்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமாக இருப்பது அதனால்தான். பழுப்பு நிற வினிகர்களும் ஆப்பிள் வினிகரும் வேலை செய்யும். உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது என்பதுதான் குறை. இனிப்புச் சேர்த்த வினிகரைத் தவிர்த்துவிடுங்கள்.

## பற்பசை பூசிய பாதியும் கரைந்துவிட்டது

ஃப்ளோரைடு பற்பசை பல்லைக் காப்பதைக் காட்ட, முட்டையின் ஒரு பாதியில் பற்பசை பூசி வினிகரில் போடும் பள்ளிச் சோதனை பிரபலம். பல பேருக்கு அது சரிவராது; அதில் மாணவரின் தவறு குறைவு. பல்லின் எனாமல் ஒரு வகைக் கால்சியம் பாஸ்பேட்; ஓடு கால்சியம் கார்பனேட். ஃப்ளோரைடு ஓட்டின்மேல் உண்டாக்கும் கால்சியம் ஃப்ளோரைடு படலம் மிக மெல்லியது; அதனால் கரைதலைச் சிறிது நேரம் தாமதப்படுத்தத்தான் முடியும், தடுக்க முடியாது. இரண்டாம் நாள் பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டை முதல் சில நிமிடங்களில் எந்தப் பாதியில் குமிழ் குறைவு என்று பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

பூசிய பாதியில்தான் குமிழ் அதிகம் என்று சிலர் திகைப்பார்கள். பற்பசைகளில் சிலவற்றில் தேய்ப்பதற்காகச் சேர்ப்பதே கால்சியம் கார்பனேட் பொடிதான். பொங்குவது ஓடு அல்ல, பசை. பல மணி நேரம் பூசி வைத்துவிட்டு, முழுவதும் கழுவியபின் வினிகரில் போட்டால் இந்தக் குழப்பம் இராது.

## நாற்றம், அப்புறப்படுத்துதல், தின்னலாமா என்ற கேள்வி

வினிகர் வாடை இயல்பு. அழுகல் வாடை, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடின் நெடி எழுந்தால் முட்டை முன்பே கெட்டிருக்கிறது. மூடிய பையில் கட்டி எறியுங்கள். நல்ல முட்டையும் ஓடு போனபின் அறை வெப்பத்தில் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது.

ஊறிய பச்சை முட்டையைத் தின்னக் கூடாது. வினிகர் புரதத்தை இறுக்கினாலும், உள்ளே இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமிகளை ஒழித்துவிடும் என்று நம்ப முடியாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். உடைந்து கொட்டிவிட்டால் குளிர்ந்த நீரில் துடையுங்கள். வெந்நீர் ஊற்றினால் வெள்ளைக்கரு வெந்து மேசையில் ஒட்டிக்கொள்ளும். மீந்த வினிகரில் இருப்பது கால்சியம் அசிட்டேட்டும் கொஞ்சம் அமிலமும். தண்ணீர் கலந்து கழிநீர்த் தொட்டியில் ஊற்றிவிடலாம்.